இங்கிலாந்தில் வீடு விற்கும்போது ஏஜென்ட் கமிஷனில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் தம்பி முறையுள்ள ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வீட்டை விற்க ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தின் முதல் பக்கம். "அண்ணா, ஒன்றரை பர்சென்ட் கேட்டாங்க, பேசிப் பேசி 1.2க்கு இறக்கிட்டேன். கையெழுத்துப் போடட்டுமா?" மீதிப் பக்கங்களையும் அனுப்பு என்றேன். "அதெல்லாம் எல்லாருக்கும் கொடுக்கிறதுதானே அண்ணா" என்றான்.

2014இல் நானும் அச்சு அசலாக இதையே சொன்னேன். அதற்காக 7,560 பவுண்ட் கொடுத்தேன். அதற்குப் பிறகு சொந்தபந்தம், நண்பர்கள் என்று பலருடைய ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சதவீதத்தில்தான் பேரம் பேசுகிறார்கள். எப்போது, யாருக்கு, எந்தச் சூழலில் கமிஷன் கொடுக்க வேண்டிவரும் என்பதை ஒருவரும் பேசுவதில்லை. பணம் போவது அங்கேதான்.

மூன்று ஏஜென்ட்டை அழைத்து விலை கேளுங்கள், அவசரத்தைக் காட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் வீடு விற்கும் முறையே வேறு.

வாட்டை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது

1.5 சதவீதம் என்பது 20 சதவீத வாட் சேர்ந்தால் 1.8. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள்.

பழைய ஏஜென்ட்டை எழுத்தில் முடிக்காமல் புதியவரிடம் போவது

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். இத்தனை வருடம் ஆகியும், யாராவது "ஏஜென்ட்டை மாத்திட்டோம்" என்று சாதாரணமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

என் முதல் ஏஜென்ட் இரண்டு சதவீதம் கேட்டார். அரை மணி நேரம் பேசி ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன். ஒப்பந்தம் சோல் ஏஜென்சி, அதாவது அந்தக் காலத்தில் வீட்டை விற்கும் ஏஜென்ட் அவர் ஒருவர்தான். குறைந்தது 12 வாரம். அதற்குப் பிறகும் அது தானாக முடியாது. 14 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுக்கும்வரை தொடரும். இந்தக் கடைசி வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாம் பக்கம் படிக்கவில்லை.

12 வாரத்தில் நான்கு பேர் வந்து பார்த்தார்கள், யாரும் விலை சொல்லவில்லை. 13ஆம் வாரம் கிளைக்கு போன் செய்து, வேறு ஏஜென்ட்டிடம் கொடுக்கப் போகிறேன் என்றேன். பேசிய பெண் மரியாதையாக "சரி" என்றார். இரண்டு நாளில் வாசலில் இருந்த பலகையை எடுத்துப் போனார்கள், இணைய விளம்பரமும் மறைந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது ஏஜென்ட் 1.4 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார். அவர் கொண்டுவந்த தம்பதிக்கு வீடு பிடித்துப்போய் 420,000 பவுண்டுக்கு முடிவானது.

எக்ஸ்சேஞ்ச் ஆன வாரத்தில், அதாவது இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு விற்பனை சட்டப்படி உறுதியான வாரத்தில், என் சொலிசிட்டருக்கு (விற்பனையின் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞருக்கு) இரண்டு பில் வந்தன. இரண்டாவது ஏஜென்ட்டின் 5,880, வாட் 1,176. அது எதிர்பார்த்தது. இன்னொன்று முதல் ஏஜென்ட்டிடமிருந்து: 6,300, வாட் 1,260. வாங்கியவர்கள் அந்த ஏஜென்ட்டின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. சொலிசிட்டர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "முடிக்கிறேன் என்று எங்கே எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். எங்கேயும் கொடுக்கவில்லை. காகிதத்தின்படி சோல் ஏஜென்சி உயிரோடு இருந்தது. அது உயிரோடு இருக்கும் காலத்தில் வேறொரு ஏஜென்ட் ஆளைக் கொண்டுவந்தாலும் முதல்வருக்குக் கமிஷன் உண்டு. சோல் ஏஜென்சி என்ற சொல்லுக்கு எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கான 1991ஆம் ஆண்டு விதிமுறைகள் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே அது இருக்கிறது. எல்லா ஏஜென்ட்டும் ஒப்பந்தத்தில் அந்த விளக்கத்தைத்தான் அச்சிடுகிறார்கள்.

இரண்டு பில்லையும் கட்டினேன், மொத்தம் 14,616 பவுண்ட். பலகையை எடுத்துப்போனதே அவர்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்று, ஏஜென்ட்டுகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் வாதாடியிருக்கலாம். அப்படியொரு இடம் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும். அரை சதவீதத்துக்காக அரை மணி நேரம் பேசியவன், அந்த இரண்டு வரியை எழுதவில்லை.

இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஒப்பந்தத்தை முறையாக எழுத்தில் முடித்திருப்பீர்கள். ஆனால் முதல் ஏஜென்ட் மூலம் பார்த்துவிட்டுப் போனவரே இரண்டாவது ஏஜென்ட் வழியாகத் திரும்ப வந்து வாங்குவார். "அவரை நாங்கள்தான் அறிமுகப்படுத்தினோம்" என்று பழையவர் பில் அனுப்புவார். இங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், ஒருவரை வீட்டுக்கு அறிமுகப்படுத்தினால் மட்டும் போதாது, அந்த வாங்குதலுக்கே அவரை அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வெறுமனே கதவைத் திறந்து காட்டியவருக்கு அங்கே கமிஷன் கிடைக்கவில்லை. பிராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மேனின் விதித்தொகுப்பிலும் ஒரு கால வரம்பு இருக்கிறது. பழைய ஒப்பந்தம் முடிந்து 6 மாதத்துக்குப் பிறகு இன்னொரு ஏஜென்ட் அதே ஆளைக் கொண்டுவந்தால், முதல்வர் தன் உரிமையை விட்டுவிட வேண்டும். வேறு ஏஜென்ட் யாரும் நடுவில் இல்லையென்றால் அந்த வரம்பு 2 வருடம்.

ஆனால் நீதிமன்றம்வரை போக யாருக்கும் ஆசையில்லை. அதனால் ஏஜென்ட்டை மாற்றும்போது இப்படிச் செய்யுங்கள். முடிக்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியோடு முடிகிறது என்று பதில் வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் யார் வீட்டைப் பார்த்தார்கள், யார் விலை சொன்னார்கள் என்று பெயர்ப் பட்டியல் கேளுங்கள். விளம்பரத்தை அனுப்பிய ஐந்நூறு பேரின் பட்டியல் வேண்டாம். வீட்டைப் பார்த்தவர்கள் மட்டும். அந்தப் பட்டியலைப் புதியவரிடம் கொடுத்து, இதில் உள்ள யாராவது வாங்கி, பழையவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டிவந்தால், தானும் ஒரு கமிஷன் கேட்கமாட்டேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வியாபாரம் வேண்டும் என்பவர் சேர்ப்பார்.

முதல் கையெழுத்தின்போதே "அறிமுகம்" என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். "எங்கள் பலகையைப் பார்த்தவர், எங்கள் விளம்பரம் மூலம் வீட்டைப் பற்றி அறிந்தவர்" என்று இருந்தால், ஊரில் பாதிப்பேர் அதில் அடங்கிவிடுவார்கள். "எங்கள் மூலம் வீட்டை நேரில் பார்த்தவர்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

சோல் செல்லிங் ரைட்ஸ்

கையெழுத்துப் போடாதீர்கள். விற்கும் உரிமை முழுவதும் ஏஜென்ட்டுக்கே என்பது இதன் பொருள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கோ, வாடகைக்கு இருப்பவருக்கோ நீங்களே விற்றாலும் கமிஷன் உண்டு. சோல் ஏஜென்சியில் நீங்களே சொந்தமாகக் கண்டுபிடித்த ஆளுக்குக் கமிஷன் கிடையாது. பெயர் ஒன்றுபோல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

"ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்"

இந்தச் சொற்கள் இருந்தால், வாங்கத் தயாரான ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதுமே கமிஷன் கேட்கலாம், நீங்கள் மனம் மாறி விற்காவிட்டாலும். அடித்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எக்ஸ்சேஞ்ச் ஆனதும் கமிஷன் உரியதாகிவிடும், பணம் கம்ப்ளீஷனில், அதாவது வீடு கைமாறும் நாளில், போகும். கம்ப்ளீஷன் ஆனால்தான் உரியது என்று மாற்றக் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னவர்களில் பலருக்கு இது கிடைத்திருக்கிறது.

கையெழுத்துப் போடாவிட்டால் கடன் இல்லை என்று நம்புவது

போனில் "சரி, ஆள் இருந்தா கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, காகிதம் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு இதுதான். லண்டன் ஹாக்னியில் கட்டிய பிளாட்டுகளை விற்க 2008இல் ஒரு ஏஜென்ட்டோடு நடந்த தொலைபேசிப் பேச்சு. கட்டணம் 2 சதவீதமும் வாட்டும். எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பேசவே இல்லை. ஆனாலும் அது ஒப்பந்தம்தான், விற்பனை முடிந்ததும் கமிஷன் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் தராததற்காகக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது, அவ்வளவுதான். 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டப்படி கட்டண விவரத்தை முன்பே எழுத்தில் தருவது ஏஜென்ட்டின் கடமை. அது வரும்வரை "சரி" சொல்லாதீர்கள்.

இதே காரணத்துக்காக வீட்டு மேசையில் உட்கார்ந்து அங்கேயே கையெழுத்துப் போடவும் வேண்டாம். போட்டுவிட்டாலும், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள்படி வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால் செய்த வேலைக்குப் பணம் கேட்பார்கள்.

கமிஷன் குறைந்தால் லாபம் என்று மட்டும் பார்ப்பது

கடைசி 10,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு முழுப் பத்தாயிரம் நஷ்டம். 1.2 சதவீதம் வாங்கும் ஏஜென்ட்டுக்கு 120 பவுண்ட். அவர் ஏன் அந்தப் பத்தாயிரத்துக்காக இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்? அதனால் நான் இப்போது எல்லோரையும் படிக்கட்டுக் கமிஷன் கேட்கச் சொல்கிறேன். 450,000 வரை 1 சதவீதம், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டிலும் 10 சதவீதம் என்பதுபோல. 470,000க்கு விற்றால் 4,500, அதோடு 2,000. மொத்தம் 6,500, வாட் தனி. நேர் 1.2 சதவீதத்தைவிட 860 பவுண்ட் அதிகம்தான். ஆனால் அந்த இருபதாயிரத்தைக் கொண்டுவர அவருக்கு ஒரு காரணம் இருக்கும். இதில் அடிப்படை விலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் உயிர். மூன்று பேர் சொன்ன மதிப்பில் நடுவில் உள்ளதை வையுங்கள். ஆசை காட்டி உயர்ந்த மதிப்புச் சொல்லி வீட்டைப் பிடிக்கும் ஏஜென்ட் இந்தப் பேச்சை எடுத்தாலே பின்வாங்குவார். அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

முன்பணமாக நிலையான கட்டணம்

விற்றாலும் விற்காவிட்டாலும் போன பணம் போனதுதான். "பிறகு கட்டலாம்" என்பவர்களிடம், எங்கள் சொலிசிட்டரைத்தான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சொலிசிட்டரிடம் சொல்லாமல் இருப்பது

ஏஜென்ட்டின் பில்லை விற்பனைப் பணத்திலிருந்து சொலிசிட்டரே கட்டிவிடுவார். எந்த ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்று முன்பே அவருக்கு எழுதிவிடுங்கள், வேறு பில் எது வந்தாலும் உங்களைக் கேட்காமல் கட்டக்கூடாது என்றும். பணம் போனபின் திரும்ப வாங்குவது மிகவும் கடினம். தகராறு வந்தால் முதலில் ஏஜென்ட்டிடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், உங்களுக்குச் செலவில்லை.

ஊரிலிருந்தபடி விற்பவர்கள் பில்லைத் தொலைப்பது

பிரிட்டனில் குடியிருப்பாளராக இல்லாதவர்கள் வீட்டு விற்பனையைக் கம்ப்ளீஷனிலிருந்து 60 நாளுக்குள் அங்குள்ள வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், லாபம் இல்லாவிட்டாலும். லாபக் கணக்கில் ஏஜென்ட் கமிஷனைக் கழித்துக்கொள்ளலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.