குழு ஒப்பந்தத்தில் கஞ்சா விதியை எழுதுவது எப்படி?

கோலாலம்பூரில் காற்பந்துக் குழுவோ குத்துச்சண்டைக் கழகமோ நடத்துபவர்கள் பருவம் தொடங்குமுன் விளையாட்டாளர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். கஞ்சாவைப் பற்றி அதில் இருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘போதைப்பொருள் பயன்படுத்தினால் நீக்கப்படுவீர்.’ எந்தச் சோதனை, எந்த அளவு, யார் முடிவெடுப்பது என்று எதுவும் இருக்காது. பிரச்சினை வரும் நாளில் அந்த வரி விளையாட்டாளரையும் காப்பாற்றாது, குழுவையும் காப்பாற்றாது.

விதி எழுத உட்காருமுன், ஒரே சிறுநீரை மூன்று வெவ்வேறு கோல்கள் அளக்கின்றன என்பதை மனத்தில் வையுங்கள். நாட்டுச் சட்டம் ஒன்று, உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி ஒன்று, உங்கள் ஒப்பந்தம் ஒன்று. ஒன்றில் தப்பினால் மற்றொன்றிலும் தப்பியதாக அர்த்தமில்லை.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உடலில் ஏற்றிக்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கிறது. அதன் பின் 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பும் உண்டு. கையில் கஞ்சா 20 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிறையோடு பிரம்படி. 50 கிராமைத் தொட்டால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 10 பிரம்படி. 200 கிராம் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது; மரண தண்டனை நீக்கப்படவில்லை. இந்த எண்களை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

விளையாட்டு விதி வேறு வகை. கஞ்சா அங்கே ‘போட்டிக் காலத்தில் மட்டும்’ தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. போட்டிக் காலம் என்பது ஆட்டத்துக்கு முந்தைய இரவு 11.59க்குத் தொடங்கி, ஆட்டமும் மாதிரி எடுப்பதும் முடியும்வரை. அங்கே வரம்புக் கோடு, சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம். ஆய்வகம் தவறு என்று அறிவிப்பது 180ஐத் தாண்டினால்தான். 2013வரை இந்தக் கோடு வெறும் 15ஆக இருந்தது.

தடுமாறுவது இங்கேதான். ‘சனிக்கிழமை ஆட்டம், நான் புதன்கிழமைதான் இழுத்தேன்’ என்பது பதில் ஆகாது. நீங்கள் இழுத்த நேரத்தைச் சோதனை பார்ப்பதில்லை. சனிக்கிழமை சிறுநீரில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறது. டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் கூறு, கொழுப்பில் தங்கும் பொருள். எப்போதாவது ஒருமுறை இழுப்பவருக்குச் சில நாளில் வடிந்துவிடும். தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். எத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்லும் கணக்கு எதுவும் கிடையாது. கூட்டாளிகள் சொல்லும் கணக்கை நம்பவே வேண்டாம். தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் உதவாது. மாதிரி நீர்த்துப்போயிருந்தால், சரியான அடர்த்தி வரும்வரை அதிகாரி இன்னொன்று கேட்டு உட்கார வைப்பார்.

இப்போது எழுதுங்கள். விதிக்கு நான்கு பகுதி போதும்.

முதல் பகுதி தடையின் எல்லை. ‘பருவம் முழுவதும், மலேசியாவிலும் வெளிநாட்டிலும்’ என்று எழுதுங்கள். ‘வெளிநாட்டிலும்’ என்ற சொல் தாய்லாந்துக்காக. அங்கே 2022 ஜூனில் கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2025 ஜூனில் பூவுக்கு மருத்துவச் சீட்டு கட்டாயமானது. நம் பையன்கள் வார இறுதியில் ஹாட்யாய் போகிறார்கள், அங்கே சட்டப்படிதானே என்று நினைக்கிறார்கள். எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டியதும் அந்தச் சட்டம் பின்னால் நின்றுவிடும், சிறுநீர் மட்டும் கூடவே வரும்.

இரண்டாவது, சிபிடி எண்ணெய். சிபிடி என்பது கஞ்சாச் செடியில் போதை தராத ஒரு கூறு. 2018 முதல் சிபிடி மட்டும் ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லை. ஆனால் கஞ்சாச் செடியின் மற்றக் கூறுகள் எல்லாம் இருக்கின்றன. பாட்டிலில் ‘முழுக் கலவை’ என்று விற்பதில் அவையும் இருக்கும், டிஎச்சியும் இருக்கும். மலேசியச் சட்டத்துக்கோ அந்தப் பாட்டிலே ஒரு வழக்கு. பூப்பந்து வீரர் லீ சோங் வேய் 2014இல் மாட்டியது ஒரு கூட்டுச்சத்து மாத்திரையின் மேலுறையில் கலந்திருந்த டெக்ஸாமெத்தசோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தால். 8 மாதத் தடை. அவருக்கே அப்படி என்றால், பேங்காக் சந்தையில் வாங்கிய எண்ணெயைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே விதியில் ‘கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய், மிட்டாய், களிம்பு உட்பட’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

மூன்றாவது, குழுவின் சொந்தச் சோதனை. இதை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். வைத்தால் ஒழுங்காக வையுங்கள். பொதுவாகக் கிடைக்கும் சோதனைப் பட்டையின் வரம்பு 50 நானோகிராம். ஆகவே அதில் மாட்டும் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் தப்பலாம். அதை முடிவாகக் கொண்டு யாரையும் நீக்காதீர்கள். சிறுநீர் வந்து 4 நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 பாகைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோவிட் பட்டைக்கு நேர் எதிர். இதில் சோதனைக் கோடு தெரிந்தால் ‘இல்லை’, அது மறைந்தால் ‘இருக்கிறது’. மங்கலான கோடும் கோடுதான். கோவிட் பழக்கத்தில் சுத்தமான பையனைக் குற்றவாளியாக்கிவிடுவது சுலபம். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையும் சிலசமயம் பட்டையை ஏமாற்றும். எனவே பட்டையில் வந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே அடுத்த படி. முடிவை வாட்சாப் குழுவில் போடக்கூடாது என்பதையும் விதியிலேயே சேருங்கள்.

நான்காவது பகுதி தண்டனை. நல்ல விதிக்கும் வெற்று மிரட்டலுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். முதல் தடவை சோதனைக்கு முன்பே தானாக வந்து சொல்பவரை நீக்காதீர்கள்: ஆட்டத்திலிருந்து விலக்கி, ஆலோசனைக்கு அனுப்பி, ஆய்வகச் சோதனையில் சுத்தமென்று வந்த பின் திரும்ப எடுங்கள். தானாக முன்வருபவருக்குச் சிகிச்சை தர தேசியப் போதைப்பொருள் தடுப்பு முகமையான ஏ.ஏ.டி.கே.வில் வழியுண்டு. சொன்னாலும் நீக்கம், மறைத்தாலும் நீக்கம் என்றால் யார் சொல்வார்கள்?

‘அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவே விட்டுவிட்டதே, நமக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். மழுப்பாதீர்கள், அது உண்மைதான். அமெரிக்க பேஸ்பால் லீக் 2019 டிசம்பரில் கஞ்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதே சமயம் ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்குச் சோதனையைக் கொண்டுவந்தது. என்பிஏ 2023 ஒப்பந்தத்தில் நீக்கியது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எப்எல் 2020இல் ஆட்டத்தடையைக் கைவிட்டு, 2024இல் வரம்பை 350 நானோகிராமுக்கு உயர்த்தியது. அந்த லீக்குகள் விளையாட்டாளர் சங்கத்தோடு பேரம் பேசித் தம் விதியைத் தாமே எழுதுகின்றன. உலக ஊக்கமருந்து விதி அவற்றைக் கட்டாது. அதே நாட்டு ஓட்டக்காரர் ஷா’காரி ரிச்சர்ட்சன் 2021இல் ஒரு மாதத் தடை வாங்கி டோக்கியோ 100 மீட்டரை இழந்தார், ஏனென்றால் தடகளத்தை அந்த விதி கட்டும். நம் காற்பந்தும் அப்படியே.

எங்கள் கருத்தைக் கேட்டால்: ஓய்வுப் பருவத்தில் ஒருவரின் சிறுநீரைத் துருவுவது லீக்கின் வேலையல்ல. ஆட்ட நாளில் தடுப்பது சரி. மயக்கம் தெளியாத ஒருவர் பாய்ந்து காலைத் தட்டினால் உடைவது எதிரணியின் முழங்கால். ஆனால் இந்தக் கருத்தை லோக்கப்பில் சொல்லிப் பயனில்லை.

சோதனை அதிகாரி வந்துவிட்டால் செய்ய வேண்டியது சுருக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட நொடியிலிருந்து விளையாட்டாளர் அவர் பார்வையிலேயே இருக்க வேண்டும். துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். மூடி திறக்காத பாட்டிலையே குடிக்கட்டும். குறைந்தது 90 மில்லிலிட்டர் தேவை. அது ஏ, பி என்று இரண்டு பாட்டிலாகப் பிரியும். பாட்டில் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று விளையாட்டாளரே படித்துப் பார்க்கட்டும். கடந்த 7 நாளில் எடுத்த மருந்து எல்லாவற்றையும், இருமல் மருந்துவரை, தாளில் எழுத வேண்டும்.

பயந்து பின்கதவு வழியாக ஓடுவதுதான் மிக மோசமான முடிவு. கஞ்சா உறுதியானால், போட்டிக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்திறனுக்குத் தொடர்பில்லாதது என்று காட்ட முடிந்தால், தடை 3 மாதம். அங்கீகரித்த சிகிச்சையை முடித்தால் அது 1 மாதம். சோதனையைத் தவிர்த்து ஓடினால் 4 ஆண்டு. 23 வயதில் ஓடியவர் 27இல்தான் திரும்புவார்.

முடிவு பாதகமாக வந்தால் முதலில் கடிதத்திலுள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பி மாதிரியைத் திறக்கக் கேட்கும் கெடு அதில் இருக்கும். எந்தச் சிகிச்சை கணக்கில் எடுக்கப்படும் என்று மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான அடாமாஸிடம் எழுத்தில் கேட்ட பிறகே சேருங்கள். முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டு ஏமாறாதீர்கள். தடைக் காலத்தில் அவர் திடலுக்கு வந்து குழுவோடு பந்து உதைக்கக்கூடாது. 3 மாதத் தடையில் கடைசிக் கால்பகுதியில், அதாவது ஏறக்குறைய மூன்று வாரத்தில், பயிற்சிக்கு வரலாம், ஆட முடியாது. ஒரே போட்டியில் இரண்டுக்கு மேற்பட்டவர் மாட்டினால் தண்டனை குழுவையே தொடும், புள்ளிகூடப் போகலாம். ஒப்பந்தத்தில் இதைச் சொல்லும் வரியைச் செயலாளர் மட்டுமல்ல, குழுத் தலைவரும் படித்துக் கையெழுத்திடட்டும்.