மீள்சுழற்சிக் கணக்கை எப்படி வாசிப்பது

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். "ஐரோப்பிய ஒன்றியம் குப்பைக்கு ஒரே இலக்கை வைத்தது, எல்லா நாடுகளும் நிறைவேற்றின" என்று எழுதினால் பாதிப் புள்ளிதான் போடுவேன். கோட்டைப் பக்கம் மான்கள் பொலித்தீனை மெல்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் குப்பையைப் பற்றி இவ்வளவு மேலோட்டமாக எழுதக்கூடாது.

முதலில், நீங்கள் எழுதும் நாடு எங்கிருந்து புறப்பட்டது என்று பாருங்கள். உக்கும் குப்பையைப் புதைப்பதை 1995ஆம் ஆண்டு அளவின் 35 சதவீதத்துக்குக் குறைக்க 1999இல் ஒன்றியத்தின் விதி வந்தது, கெடு 2016. 1995இல் 80 சதவீதத்துக்கு மேல் புதைத்த நாடுகள் நான்கு வருடம் கூடுதலாக எடுக்கலாம். அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரித்தானியா எடுத்தது.

அப்புறம், அரசு எதைக் கையில் எடுத்தது? பிரித்தானியா புதைக்கும் குப்பைக்கு வரி போட்டது: 1996இல் தொன்னுக்கு 7 பவுண், 2014இல் 80. ஜேர்மனி 2005 ஜூனிலிருந்து பதப்படுத்தாத வீட்டுக் குப்பையைப் புதைக்கவே விடவில்லை. சுவீடன் எரியக்கூடிய குப்பையைப் புதைக்க 2002இல் தடை போட்டது, குப்பை எரிக்கும் உலைகளும் பெருகின. அதனால் புதைப்பது குறைந்திருந்தால் உடனே மீள்சுழற்சி என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு எரித்தார்கள் என்றும் தேடுங்கள்.

பிள்ளைகள் தவறவிடுவது தராசை. போன மாதம் வகுப்பில் 12 கிலோ பிளாஸ்டிக் சேர்த்தோம். பழைய சாமான் வாங்குகிறவர் கறி ஒட்டிய பெட்டிகளையும் ஷாம்பு பைக்கற்றுகளையும் ஒதுக்கிவிட்டு 7 கிலோவைத்தான் எடுத்தார். சரி, நாங்கள் மீள்சுழற்சிக்குக் கொடுத்தது 12ஆ, 7ஆ? ஐரோப்பாவிலும் இதே சிக்கல்தான். வீட்டுக் குப்பையில் 50 சதவீதத்தை மீள்சுழற்சிக்கு அனுப்பும் 2020 இலக்கைக் கணக்கிட நான்கு முறைகள் இருந்தன. எது வேண்டும் என்பதை அந்தந்த நாடே தெரிவு செய்தது. வேறு வேறு முறையில் வந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. 2018இல் விதி இறுகியது: தரம் பிரித்துக் கழித்தபின், மீள்சுழற்சிக்குள் உண்மையில் நுழைவதை நிறுக்க வேண்டும். 2035க்கான 65 சதவீத மீள்சுழற்சி இலக்கு இந்தத் தராசில்தான் வரவேண்டும்.

விடை எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் எந்தக் கட்டத்தில் எடை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிட்டு, அந்த அரசு போட்ட வரியையோ தடையையோ எழுதுங்கள்.