டெக்ஸில் ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

யூனிஸ்வாப் போன்ற டெக்ஸில் (இடைத்தரகர் இல்லாமல் பிளாக்செயினிலேயே கிரிப்டோ டோக்கன் மாற்றும் சந்தை) டோக்கன் மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஸ்லிப்பேஜ், அதாவது பார்த்த விலையிலிருந்து விலகினாலும் ஏற்கும் எல்லை, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

எத்தீரியம் பிளாக்செயினில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு). அதில் ஏறும்வரை உங்கள் ஆர்டர் மெம்பூல் என்ற காத்திருப்பு வரிசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும். அதைப் பார்த்த பாட் (தானாக வர்த்தகம் செய்யும் நிரல்) உங்களுக்கு முன்னால் வாங்கி விலையை ஏற்றிவிடும்; ஏறிய விலையில் நீங்கள் வாங்கியதும் விற்றுவிட்டுப் போகும். இதைத்தான் சாண்ட்விச் என்கிறார்கள்.

3,000 டாலரை மாற்றும்போது ஸ்லிப்பேஜ் 5% என்றால், 2,850 டாலர் மதிப்புக்குக் கிடைத்தாலும் சம்மதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாட் அந்த எல்லைவரை இழுக்கப் பார்க்கும். 0.5% வைத்தால் இழப்பு அதிகபட்சம் 15 டாலர். ஈத்தர்–யுஎஸ்டிசி (டாலர் மதிப்பிலான டோக்கன்) போன்ற ஆழமான பூலுக்கு, அதாவது இருப்பு நிறைய உள்ள ஜோடிக்கு, அதுவே தாராளம். ரொம்ப இறுக்கினால் ஆர்டர் தோற்கும், நெட்வொர்க்குக்குக் கட்டும் கேஸ் கட்டணமும் போகும்.

அப்புறம், மெட்டாமாஸ்க் வாலட்டில் ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் ஆர்பிசியை (ஆர்டரை அனுப்பும் தனி வழி) சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பொது மெம்பூலுக்குப் போகாது. பெரிய தொகை என்றால் நான் கவ் ஸ்வாப் என்ற டெக்ஸைத்தான் சொல்வேன்: ஆர்டர்களைத் தொகுப்பாகச் சேர்த்து, ஒரே ஜோடிக்கு ஒரே விலை போடுகிறார்கள். முந்திக்கொள்வதால் பாட்டுக்குப் பெரிதாக லாபம் இல்லை.

விலையை முன்கூட்டியே குறித்துப் போடும் லிமிட் ஆர்டரில் தொல்லை வேறு மாதிரி. ஈதர்டெல்டா என்ற பழைய டெக்ஸ் காலத்திலிருந்தே இந்த ஆர்டர் என்பது செயினுக்கு வெளியே நீங்கள் போடும் டிஜிட்டல் கையெழுத்துதான். ஒரே ஆர்டரை இரண்டு பேர் எடுத்தால் பிந்தியவருக்குக் கேஸ் நஷ்டம். போட்டவர் பாடு இன்னும் மோசம். சந்தை விலை மாறிய பிறகும் அந்தக் கையெழுத்து செல்லும். காலாவதி வைக்காத ஆர்டர், தேதி போடாத காசோலை மாதிரி. திரையிலிருந்து நீக்குவது பல இடங்களில் வெறும் கண்துடைப்பு. உண்மையாக ரத்துசெய்ய செயினில் கேஸ் செலவழிக்க வேண்டும்; அந்த ரத்தும் மெம்பூலில் காத்திருக்கும்போது யாராவது ஆர்டரை நிறைவேற்றிவிடலாம்.

அதனால் காலாவதியை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். டோக்கனை வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டால் ஆர்டர் செத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். திரும்பக் கொண்டுவந்த நிமிடமே உயிர்பெறும். 2022 ஜனவரியில் ஓப்பன்சீ சந்தையில் சில போர்ட் ஏப் என்எஃப்டிகள் (டிஜிட்டல் படங்களுக்கான டோக்கன்கள்) பழைய விலைக்குப் பறிபோனதற்கு இப்படிக் கிடந்த ஆர்டர்களே காரணம். சந்தேகம் இருந்தால், டோக்கனை எடுத்துக்கொள்ள டெக்ஸின் ஒப்பந்தத்துக்கு (செயினில் ஓடும் நிரல்) நீங்கள் கொடுத்த அப்ரூவலை, அதாவது அனுமதியை, பூஜ்யமாக்குங்கள். அந்த ஒப்பந்தத்தில் அதை விற்கப் போட்ட ஆர்டர்கள் எல்லாமே அப்போது முடங்கும்.