ஒரு நாடு கடன் கட்ட முடியாம போனா யாரைக் கேக்கணும்? இலங்கையை வச்சு கணக்கு போடற முறை

2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை "வெளிநாட்டு கடன இப்போதைக்கு கட்ட முடியாது"ன்னு கைய விரிச்சப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ரெண்டே பேச்சுதான், ஒண்ணு சீனா கடன் கொடுத்தே கவுத்துடுச்சு, இல்லைன்னா ராஜபக்சே குடும்பம் மொத்தமா சுருட்டிடுச்சு. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அதோட நிறுத்திட்டா பாதி ஆளுங்க தப்பிச்சுடுவாங்க. நான் இந்த மாதிரி விஷயத்துல பண்றது இதுதான்: ஒரு பேப்பர எடுத்து நடுவுல கோடு போடுங்க, இடது பக்கம் முடிவு எடுத்தவங்க, வலது பக்கம் காசு இழந்தவங்க. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா நிரப்பிட்டு அப்புறம் பொறுப்ப பத்தி பேசலாம்.

முதல்ல யாருக்கெல்லாம் பாக்கின்னு பாருங்க. இலங்கைக்கு அப்போ வெளிநாட்டு கடன் சுமார் 51 பில்லியன் டாலர்னு சொன்னாங்க. யாருக்கு எவ்ளோ பாக்கின்னு அரசாங்கம் போட்ட வட்டப் படத்துல சீனாவோட பங்கு 10 சதவீதம் பக்கம்தான் இருந்துச்சு, ஆனா அரசு கம்பெனிங்க பேர்ல வாங்கின சீனக் கடனையும் சேர்த்தா அது 20கிட்ட போகுதுன்னு ஆய்வாளர்கள் கணக்கு போட்டு காட்டினாங்க, அதனால எந்த நாட்டு கணக்க பாத்தாலும் அரசு கம்பெனி கடன் உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு முதல்ல தேடுங்க. அப்படி சேர்த்தும் பெரிய துண்டு சீனா இல்ல, டாலர் பாண்ட்தான், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்கள்கிட்ட டாலர்ல வித்த கடன் பத்திரம். 2007ல மகிந்த ராஜபக்சே ஆட்சில முதல் தடவை 500 மில்லியன் டாலருக்கு வித்தாங்க, அப்புறம் அதே மகிந்த ஆட்சி, சிறிசேன ரணில் ஆட்சின்னு எல்லாரும் வித்தாங்க, பழச அடைக்க புதுசுன்னு போச்சு. அம்பாந்தோட்டை துறைமுகத்த பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், 2017ல 99 வருஷ குத்தகைக்கு கொடுத்து 1.12 பில்லியன் டாலர் வாங்கினாங்களே, அதுல துறைமுகக் கடன் கழிஞ்சுடுச்சுன்னு நெறைய பேர் நினைக்கறாங்க. கழியல. அந்த டாலர் கையிருப்புல சேந்துச்சு, கடன் அப்படியே அரசாங்கத்தோட தலையிலதான்.

அடுத்து தேதி வாரியா முடிவுகள எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அந்த நாற்காலில யார் இருந்தாங்கன்னு பேர் போடுங்க. 2019 நவம்பர்ல மகிந்தவோட தம்பி கோட்டாபய அதிபர் தேர்தல்ல ஜெயிச்சாரு, டிசம்பர்லயே பொருள், சேவை மேல போடற வாட் வரி 15ல இருந்து 8 சதவீதம் ஆச்சு. ஈஸ்டர் குண்டுவெடிப்புல டூரிசம் ஏற்கனவே அடி வாங்கியிருந்த நேரம் அது, அப்புறம் கொரோனா. வரி வருமானம் சரிஞ்சதும் நாடு கடன திருப்பிக் கட்டுமான்னு மார்க் போடற ரேட்டிங் கம்பெனிங்க 2020ல இருந்து அந்த மார்க்க குறைச்சுக்கிட்டே வந்தாங்க, புது பாண்ட் விக்க வழி இல்லாம போச்சு. 2021ல டாலர மிச்சம் பண்றேன்னு ரசாயன உரத்துக்கு திடீர்னு தடை, விளைச்சல் போய் நவம்பர்ல வாபஸ். ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய்னு புடிச்சு வச்சிருந்தத 2022 மார்ச்ல விட்டாங்க, மே மாசத்துக்குள்ள 360 தொட்டுடுச்சு. கொரோனாவும் உக்ரைன் போரும் யார் கையிலயும் இல்லதான், ஆனா மத்ததெல்லாம் யாரோ ஒருத்தர் கையெழுத்து போட்டது.

இதுல ஒரே ஒரு நாள மட்டும் கிட்ட போய் பாருங்க, 2022 ஜனவரி 18. அன்னைக்கு 500 மில்லியன் டாலர் பாண்ட் ஒண்ணு முதிர்ச்சி, அதாவது அசல திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். அத கட்டின பிறகு ஜனவரி கடைசில கையிருப்பு 2.3 பில்லியன் பக்கம்னு கணக்கு காட்டினாங்க, ஆனா அதுல சுமார் ஒன்றரை பில்லியன் சீனாவோட ஸ்வாப், அதாவது ரெண்டு மத்திய வங்கிங்க நாணயத்த மாத்திக்கற ஒப்பந்தம், எடுத்து செலவு பண்ண முடியாத காசு. கேஸ் சிலிண்டருக்கு ஜனங்க அலைஞ்சிட்டு இருந்த நேரம். பொருளாதார நிபுணர்கள் பலர் இத கட்டாதீங்க, கடன்காரங்கள கூப்பிட்டு பேசுங்க, ஐஎம்எஃப்கிட்ட (சர்வதேச நாணய நிதியம்) போங்கன்னு சொன்னாங்க, அப்போ மத்திய வங்கி கவர்னரா இருந்தவரு அஜித் நிவார்ட் கப்ரால், முழுசா கட்டினாங்க. மூணு மாசத்துல நாடு கைய விரிச்சது, அந்த சமயத்துலதான் தனுஷ்கோடி பக்கம் இலங்கை ஜனங்க படகுல வந்து இறங்கினது, தமிழ்நாட்டுல இருந்து அரிசியும் பால் பவுடரும் கப்பல்ல போனதுன்னு நாம பாத்தது எல்லாம். கடன் கட்டறது எப்பவுமே யோக்கியம்னு நினைக்கறவங்க இந்த ஒரு நாள யோசிச்சு பாக்கணும், அன்னைக்கு போன டாலர் மருந்துக்கும் டீசலுக்கும் ஆகியிருக்கும்.

இப்போ நெறைய பேர் விட்டுடற இடம், கடன் கொடுத்தவங்க. அவங்களையும் இடது பக்கமே எழுதுங்க, கொடுக்கறதும் ஒரு முடிவுதானே. 2019 நடுவுல இலங்கை வித்த பத்து வருஷ பாண்டுக்கு வட்டி 7.55 சதவீதம், அதே நேரம் அமெரிக்க அரசு பாண்டுக்கு கெடச்சது 2 சதவீதம் பக்கம். நடுவுல இருக்கற அஞ்சரை சதவீதம் எதுக்கு? திரும்ப வராம போகலாம்ங்கிற பயத்துக்கு வாங்கின கூலி அது. கூலிய வருஷா வருஷம் வாங்கிட்டு, பயந்தது நடந்ததும் முழு அசலும் வேணும்னா எப்படி.

வலது பக்கம் நிரப்பறதுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. 2024 டிசம்பர்ல முடிஞ்ச பேச்சுவார்த்தைல பாண்ட்காரங்க அசல்ல 27 சதவீதம் விட்டுக்கொடுத்தாங்க, ஆனா நாட்டோட ஜிடிபி எதிர்பார்த்ததுக்கு மேல வளர்ந்தா அவங்களுக்கு கூடுதலா போகும்னு ஒரு நிபந்தனையும் இருக்கு. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ், சீனா எல்லாம் தவணைய தள்ளி வட்டிய குறைச்சாங்க. ஐஎம்எஃப், உலக வங்கிக்கு ஒரு பைசா குறையாது, அது எழுதாத சட்டம்.

ஆனா இவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடியே 2023ல உள்நாட்டுல யார் தலையில கட்டினாங்கன்னு பாருங்க. ஊழியர் சேமலாப நிதி, நம்ம ஊர் பிஎஃப் மாதிரி. அதுல இருந்த அரசு பத்திரங்கள மாத்தி புதுசு கொடுத்தாங்க, 2025 வரைக்கும் 12 சதவீதம், அப்புறம் கடைசி வரைக்கும் 9. மாத்த மாட்டேன்னா அந்த பத்திர வருமானத்துக்கு கட்டற 14 சதவீத வரி 30 ஆகிடும், அப்புறம் எங்க போய் மறுக்கறது? பேங்குகள தொடல, தொட்டா பேங்க் கவுந்துடும்னு காரணம் சொன்னாங்க, அதுல நியாயமும் இருக்கு. ஆனா இந்த நிதிய நிர்வாகம் பண்றதே மத்திய வங்கிதான். பணவீக்கம் 70 சதவீதம் வரை போய் ஏற்கனவே பாதி கரைஞ்ச சேமிப்பு அது, கார்மெண்ட்ஸ்ல தைக்கிற பொண்ணோடது, மலையகத்துல கொழுந்து பறிக்கிறவங்களோடது. இவங்க யாரையும் கேட்டு யாரும் டாலர் பாண்ட் விக்கல. வாட் மறுபடி ஏறி 2024 ஜனவரில 18 ஆச்சே, அதையும் இதே பக்கத்துல எழுதிக்கோங்க.

அப்புறம் கோர்ட். ஒரு கம்பெனி திவாலானா இந்தியால என்சிஎல்டின்னு ஒரு தீர்ப்பாயம் இருக்கு, நாடு திவாலானா போக ஒரு கோர்ட்டும் கிடையாது. இருக்கறது கடன்காரன் போறதுக்கான கோர்ட்தான், பாண்ட் நியூயார்க் சட்டப்படி எழுதினது, ஹாமில்டன் ரிசர்வ் பேங்க்னு ஒரு சின்ன பேங்க் 2022லயே அங்க கேஸ் போட்டுடுச்சு. இலங்கை மட்டும் ஒரு அபூர்வமான காரியம் பண்ணுச்சு, 2023 நவம்பர் 14ஆம் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், கோட்டாபய, மகிந்த, அவங்க தம்பியும் நிதி அமைச்சரா இருந்தவருமான பசில், கப்ரால் இன்னும் சில அதிகாரிங்க பேர சொல்லி, இவங்க மக்களோட அடிப்படை உரிமைய மீறினாங்கன்னு 4க்கு 1 தீர்ப்பு கொடுத்துச்சு. தண்டனை? இல்ல. மனு போட்டவங்களுக்கு வழக்குச் செலவு ஒன்றரை லட்சம் இலங்கை ரூபாய், அவ்ளோதான்.

இப்போ உங்க பேப்பர பாருங்க, ரெண்டு பக்கத்துலயும் வர்ற பேர் எத்தனை? எனக்கு கெடச்சது பாண்ட்காரங்க மட்டும், அதுவும் பாதி மனசா. நாட்டு கடனுக்கு நாட்டு ஜனங்கதான் பொறுப்பு, ஓட்டு போட்டாங்கல்லன்னு சொல்றவங்ககிட்ட இந்த பேப்பர நீட்டுங்க. பேப்பர கிழிச்சு போட்டுடாதீங்க, நாடுகளுக்கு கொடுக்க வேண்டிய அசல் 2028ல மறுபடி ஆரம்பிக்குது, அப்போ யார் நாற்காலில இருக்காங்க, எந்த வட்டிக்கு புது பாண்ட் விக்கறாங்கன்னு இடது பக்கம் சேர்க்க இடம் வேணும்.