கேமரா லென்ஸ் பாதியில் நிற்கிறதா? புது பேட்டரி வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்

நான்கு வருடமாகப் பெட்டிக்குள் தூங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவைப் போன மாதம் எடுத்தேன். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது. பொத்தானை அழுத்தினேன். லென்ஸ் பாதி தூரம் வந்தது, திரையில் ‘பேட்டரியைச் சார்ஜ் செய்யவும்’ என்று மின்னியது, அவ்வளவுதான். நீட்டிய லென்ஸை உள்ளே இழுக்கக்கூடத் தெம்பில்லாமல் செத்துப்போனது. மூன்று நாள் மல்லுக்கட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

படி 1: உப்பியிருக்கிறதா?

பேட்டரியை வெளியே எடுத்து மேசைமேல் படுக்க வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம்போலச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு கதை முடிந்தது. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

படி 2: முனைகளைத் துடையுங்கள்

லித்தியம் அயன் பேட்டரியில் தங்க நிறத்தில் மூன்று அல்லது நான்கு முனைகள் இருக்கும். பிளஸ், மைனஸ் தவிர, பலவற்றில் ‘டி’ என்று ஒன்று உண்டு. அது வெப்பநிலையைச் சொல்லும் முனை. அதில் அழுக்கு படிந்தால் பேட்டரி முழுசாக இருந்தாலும் சில கேமராக்களும் சார்ஜர்களும் ஏற்றுக்கொள்ளாது. பென்சில் அழிப்பானால் இரண்டு இழுப்பு, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி. கேமராவின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முனைகளுக்குப் பஞ்சுக்குச்சி மட்டும் போதும். அழிப்பான் துகள் உள்ளே விழுந்தால் அது தனித் தலைவலி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

படி 3: நான் ஏமாந்த இடம்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பிளஸ், மைனஸ் முனைகளைத் தொடுங்கள். பேட்டரி மேல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று போட்டிருந்தாலும், முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி 4.2-ஐ ஒட்டிக் காட்டும். 3 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் ஆழமாகத் தீர்ந்திருக்கிறது.

என்னுடையது 4.15 காட்டியது. ‘பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, கேமராவில்தான் கோளாறு’ என்று முடிவு கட்டி, திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டேன். (நீங்கள் திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சில நூறு வோல்ட் தேங்கியிருக்கும். எனக்கு அன்று அதிர்ஷ்டம்.)

மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் தவறாகப் படித்தேன். மீட்டர் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. லென்ஸ் மோட்டார் அப்படியில்லை, ஒரே மூச்சில் நிறைய இழுக்கும். வயதான பேட்டரியில் உள்மின்தடை ஏறியிருப்பதால் அந்த நொடியில் வோல்ட் சடாரென்று விழும். கேமரா அதைப் பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் பாசி அடைத்திருந்தால் எப்படியோ, அப்படி.

இதை உறுதிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில், எடுத்த படங்களைப் பார்க்கும் முக்கோணப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் லென்ஸ் நீளாமலே கேமரா உயிர்பெறும். அப்படியே பத்து நிமிடம் பழைய படங்களைப் புரட்டுங்கள். அது ஓடுகிறது, லென்ஸ் நீளும்போது மட்டும் சாகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. எனக்கு அதுதான். நல்ல பேட்டரி போட்டும் லென்ஸ் தடுமாறினால் லென்ஸ் குழலில் மணல், தூசி இருக்கலாம்.

முக்கோணப் பொத்தானுக்கும் அசையவில்லையா? படி 4.

படி 4: மூடி

பேட்டரி மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். மூடும்போது அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். நாக்கு உடைந்திருந்தால் மூடி திறந்திருப்பதாகவே கேமரா நினைத்துக்கொண்டிருக்கும். மூடியை விரலால் இறுக்கிப் பிடித்தபடி இயக்கிப் பாருங்கள்.

ஏஏ பேட்டரி போடும் கேமரா என்றால்

சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்து அல்கலைனை வாங்காதீர்கள். பெரிய மின்னோட்டம் கேட்கும்போது 1.2 தான் தாக்குப்பிடிக்கும். என் ஓட்டு எனலூப்புக்கு. 2005-ல் சான்யோ கொண்டுவந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் சார்ஜ் பெரிதாக இறங்காது. மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் திரையில் மீதி சார்ஜைத் தப்பாகக் காட்டும். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் கசிவு. கையுறை போட்டுக்கொண்டு, வினிகரைப் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு மட்டும் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ஒரிஜினலைப்போல இரண்டு மடங்கு மில்லி ஆம்பியர் மணி (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சிட்ட மாற்று பேட்டரி வாங்கி, அது சீக்கிரமே தீர்ந்துவிடுவதாகச் சொன்னார். அதே அளவு டப்பாவுக்குள் இரண்டு மடங்கு எப்படி அடங்கும்? இரண்டையும் தராசில் வையுங்கள். எடை குறைவாக இருந்தால் அச்சிட்ட எண்ணை மறந்துவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பேட்டரி சரியாகிவிட்டது, ஆனால் அதைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி கேட்கிறதாம். கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு குட்டி மின்கலம் உள்ளே உண்டு. பல கேமராக்களில் அது பெரிய பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் ஆகும். முழு பேட்டரியை மாட்டி ஒரு நாள் அப்படியே விடச் சொன்னேன்.