பழைய ஸ்மார்ட்போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதா? கண்டறியும் முறையும் அதன்பின் செய்ய வேண்டியவையும்

முதலில் போனைக் கையில் எடுத்து ஒரு தேதியைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரங்கள் உள்ள பகுதிக்குச் சென்று ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பாதுகாப்பு அப்டேட் என்ற வரியில் ஒரு மாதமும் ஆண்டும் காணப்படும். சாம்சங் போன்களில் இது மென்பொருள் தகவல் என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அந்தத் தேதி இரண்டு மூன்று மாதம் பின்தங்கியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அப்டேட் வருகிறது. ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால், தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் இன்னும் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். ஓராண்டைத் தாண்டிவிட்டதென்றால், அந்தப் போனுக்கு இனி எதுவும் வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

அதே பக்கத்தில் கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட் என்று வேறொரு தேதியும் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். 2019இல் ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த ஏற்பாடு இது. இயங்குதளத்தின் சில பகுதிகளை மட்டும் கூகுள் நேரடியாகப் புதுப்பிக்க இது உதவுகிறது. போனின் சிப்பை இயக்கும் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை இது அடைப்பதில்லை. ஆகவே இந்தத் தேதி புதிதாகவும் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி பழையதாகவும் இருந்தால், பழைய தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆதரவுக் காலம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கடையில் பணம் கொடுத்த நாளோ, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதமோ இங்கே பொருட்டல்ல. பொதுவாக அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளே தொடக்கம். 2023 அக்டோபரில் வெளிவந்த பிக்சல் 8க்குக் கூகுள் ஏழு ஆண்டு அப்டேட் அறிவித்தது. அதே போனைத் தள்ளுபடியில் 2026இன் இறுதியில் வாங்குபவருக்குக் கிடைப்பது நான்கு ஆண்டுக்கும் குறைவே. செகண்ட் ஹேண்டு போன் வாங்குவோர் கேமராவையும் பேட்டரியையும் சோதிப்பதற்கு முன் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐபோனில் இப்படி ஒரு தேதி காட்டப்படுவதில்லை. உங்கள் மாடலுக்கு ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் புதிய பதிப்பு வருகிறதா என்பதை வைத்தே ஊகிக்க வேண்டும். 2016இல் வந்த ஐபோன் 7, 2022இல் வெளியான ஐஓஎஸ் 16ஐப் பெறவில்லை. ஆனால் ஆப்பிள் சில நேரங்களில் மிகப் பழைய போன்களுக்கும் அவசரத் திருத்தம் அனுப்புவதுண்டு. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது. இதை வரவாகக் கொள்ளலாமே தவிர, உரிமையாக எண்ணி அடுத்ததற்குக் காத்திருக்கக் கூடாது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போனுக்கு ஏன் அப்டேட் நிற்க வேண்டும் என்ற எரிச்சல் நியாயமானதே. பெரும்பாலும் சிப் தயாரிப்பாளர் பழைய சிப்பின் மென்பொருளைத் திருத்துவதை நிறுத்திவிடுகிறார். அந்த மென்பொருளை எழுதிய மூல நிரல் கையில் இல்லாத போன் நிறுவனத்தால் அந்தப் பகுதியைத் தானாகத் திருத்த இயலாது. ஏற்கெனவே விற்றுவிட்ட போனைச் சோதித்துச் சோதித்து அப்டேட் தருவதில் அந்த நிறுவனத்துக்கு லாபமும் இல்லை. ஆபத்து வருவதோ இன்னொரு வழியில். வெறும் எம்எம்எஸ் ஒன்றின் வழியாகவே போனைக் கைப்பற்றலாம் என்று காட்டிய ஸ்டேஜ்ஃப்ரைட் குறைபாடு 2015இல் அம்பலமான பின், கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டு வருகிறது. புதிய போன்களில் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று அந்த அறிக்கை சொல்லும்போது, பழைய போன்களில் எது திறந்தே கிடக்கிறது என்பதையும் திருடர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அப்டேட் நின்றுவிட்டது என்று உறுதியானால், போனைத் தூக்கியெறிய வேண்டாம். அதிலுள்ள பணத்தை முதலில் வெளியேற்றுங்கள். வங்கிச் செயலிகள், யுபிஐ செயலிகள், இவற்றோடு உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கு ஆகியவற்றை அப்டேட் வரும் வேறொரு போனுக்கு மாற்ற வேண்டும். மின்னஞ்சலை மறப்பவர்களே அதிகம். எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்ற அதுவே சாவி. வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மும் அதே புதிய போனில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் ஓடிபி அந்தச் சிம்முக்கே வருகிறது.

நம் வீடுகளில் பழைய போன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போய்ச் சேருவது வழக்கம். மோசடிக்காரர்கள் அதிகம் குறிவைக்கும் கைகளில், ஓய்வூதியக் கணக்கோடு சேர்த்து, பாதுகாப்பற்ற போனைக் கொடுக்கிறோம். புதியதை அவர்களுக்குக் கொடுத்துப் பழையதை நாம் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்வதே சரியான பங்கீடு என்பது என் கருத்து.

பாட்டு, காணொளி, அலாரம் என்ற அளவில் பழைய போனைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதற்கெனத் தனியே ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கிக்கொண்டு, தேவையற்ற செயலிகளை நீக்கி, ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது செயலியை நிறுவும் கோப்புகளை, தொடவே கூடாது. ஆண்ட்ராய்டில் பிரவுசர் தனிச் செயலி என்பதால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139 முதல், ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே உள்ள போன்களுக்குப் புதிய பதிப்பு இல்லை.

தொழில்நுட்பப் பழக்கம் உள்ளவர்கள் லினியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவிச் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆனால் வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுக்கலாம், சிப்பின் ஓட்டைகளும் அப்படியே இருக்கும்.

விற்கவோ கொடுக்கவோ முடிவு செய்தால், படங்களைப் படியெடுத்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே, போனிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டைச் செய்யுங்கள். இந்த வரிசை மாறினால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது அது உங்கள் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கக்கூடும். ஐபோனில் இதற்கு ஈடாக, தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைக்க வேண்டும். பின்புறம் உப்பியிருக்கும் போனை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், சார்ஜில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.