காது குத்திய இடம் சீழ் பிடித்தால் என்ன செய்வது

காது குத்திய இடம் புண்ணானால், ஓட்டை காதில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கம்மல் போடும் தொங்கு சதையில், அதாவது சோணையில் இருந்தால் ஓரிரு நாள் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். மடக்கினால் விறைப்பாக எதிர்த்து நிற்கும் மேல்காதில், அந்தக் காலத்துப் பாட்டிகள் கொப்பும் முருகும் போட்ட இடத்தில் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்தி நிற்கும் சின்ன மேட்டில் குத்தியிருந்தாலும் அப்படித்தான்.

சோணை வெறும் கொழுப்பும் நாரும் சேர்ந்த சதை. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அது ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. புண் இல்லாமலே ஆறுவதற்கு 4 மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகும். உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டால் ஊட்டம் அறுந்து குருத்தெலும்பு செத்துப்போகும். அதன்பின் காது சுருங்கி, முண்டும் முடிச்சுமாக நின்றுவிடும். பழைய வடிவம் தானாகத் திரும்பாது.

புண்ணா, குத்தியதால் வந்த வீக்கமா

குத்திய முதல் இரண்டு மூன்று நாள் லேசாகச் சிவந்திருக்கும், தொட்டால் வலிக்கும். தண்ணீர் போலவோ வெளிர் மஞ்சளாகவோ கசிந்து, காய்ந்து பொருக்காகும். இது இயல்பு. நாளுக்கு நாள் இது குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறினால், தொட்டால் சுட்டால், சிவப்பு ஓட்டையைத் தாண்டிப் பரவினால், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வந்தால், நாற்றம் அடித்தால் அது புண்தான்.

வலியைவிட அரிப்பு அதிகம், இரண்டு காதிலும் ஒரே மாதிரி, தோல் செதில் செதிலாக உரிந்து நீர் கசிகிறது என்றால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் நகைகளில் இது அதிகம். 22 காரட் தங்கத்தில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான் கலப்பதால் அதில் குறைவு. மாதக்கணக்கில் வலியில்லாமல் வளரும் கெட்டியான வழுவழுப்புக் கட்டி கீலாய்டு எனப்படும் தழும்பு. அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது, தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சோணைப் புண்ணைக் கழுவும் முறை

மருந்துக் கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புத் தண்ணீர், 100 மி.லி. பாட்டில் குறைந்த விலையில் கிடைக்கும். அதுவே நல்லது. திறந்த பாட்டிலை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் 250 மி.லி. தண்ணீரை 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தலைதட்டிய கால் டீஸ்பூன் தூள் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள். நிறைய உப்பு போட்டால் சீக்கிரம் ஆறும் என்று பலர் அள்ளிப் போடுகிறார்கள். அது புதிதாக முளைக்கும் தோலை எரித்துவிடும்.

கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். நகத்தடியும் சேர்த்துத்தான். காஸ் துணியை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்துக் காதின் முன்னும் பின்னும் 5 முதல் 10 நிமிடம் ஒத்தி வையுங்கள். பொருக்கு ஊறித் தானாக வரும். வராததை நகத்தால் பெயர்க்காதீர்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்மல் தண்டில் சுற்றிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். பிறகு புதிய காஸால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று முறை போதும். தொட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது.

கம்மலைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். திருப்பும்போது காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டு, ஓட்டைக்குள் கட்டிக்கொண்டு வரும் மெல்லிய தோல் கிழியும், கிருமி உள்ளே போகும். திருப்பாதீர்கள்.

சிவப்பின் எல்லையைப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, மணியையும் எழுதிவையுங்கள். 12 மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். கழுவத் தொடங்கி 2 நாளில் குறையவில்லை என்றாலும் அப்படியே. காய்ச்சல், நடுக்கம், கன்னம் அல்லது கழுத்துவரை வீக்கம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 2 நாள் பார்க்கலாம் என்ற கணக்கை விட்டுவிட்டு அன்றே காட்டுங்கள்.

குழந்தைக்கு வலி இருந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி., 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று எழுதிய சிரப்பில் அது 3 மி.லி. பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும், லேபிளைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

நகையைக் கழற்றலாமா

பயத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது கழற்றுவதுதான். சோணையில் அவசரப்பட்டுக் கழற்றினால் வெளித்தோல் மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடும். நகை இருக்கும்வரை சீழ் வடிய வழி இருக்கிறது. ஆகவே டாக்டர் சொல்லும்வரை அப்படியே விடுங்கள், திருகாணியை மட்டும் தளர்த்துங்கள். தோலுக்கும் திருகாணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். குழந்தை கம்மலை இழுத்துவிடக் கூடாது என்று இறுக்கித் திருகுவதால்தான் பாதிப் பிரச்சினை. சோணை வீங்கும்போது திருகாணி சதைக்குள் புதைந்து மேலே தோல் மூடிக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஊசி, பின் கொண்டு நோண்டாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

தடவக் கூடாதவை

மஞ்சள் பத்து, விபூதி, வேப்பங்குச்சி எல்லாமே கிருமி நீக்காத பொருள்கள். பச்சைப் புண்ணில் பொடி கட்டிக்கொண்டு சீழை அடைக்கும். தேங்காய் எண்ணெயும் பொருக்கோடு பிசுபிசுவென்று சேர்ந்து தூசியைப் பிடித்து வைக்கும். ஆன்டிபயாட்டிக் பவுடரும் அப்படித்தான் கட்டியாகும். அதிலுள்ள நியோமைசின் சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு நல்ல செல்லையும் கொல்வதால் புண் ஆறத் தாமதமாகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, அரிப்புக்கும் படைக்கும் கடையில் கேட்டு வாங்கும் கலவை கிரீம்கள். அவற்றில் குளோபீட்டாசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். தடவியதும் சிவப்பு அடங்கும், ஆறிவிட்டதாகத் தோன்றும். உள்ளே சீழ் வளர்ந்துகொண்டிருக்கும். டியூபின் பின்புறம் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

டாக்டர் செய்வது

சோணைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் நம் தோலிலேயே இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. லேசான புண்ணுக்கு 2 சதவீத முப்பிரோசின் களிம்பு, பரவியிருந்தால் செஃபலெக்சின் போன்ற மாத்திரை எழுதுவார்கள். மேல்காதில் பெரும்பாலும் சூடோமோனாஸ். ஈரத்திலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி. வீட்டில் மீதமிருக்கும் அமாக்சிசிலின் இதை ஒன்றும் செய்யாது. அதைப் போட்டுக்கொண்டு 3 நாள் காத்திருப்பதில்தான் காதுகள் போகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து தேவைப்படும். வயதும் எடையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அது. சீழ் கோத்திருந்தால் கீறி வடிப்பார்கள், நகையையும் எடுத்துவிடுவார்கள். ஆகவே மேல்காதுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடமே போவது நல்லது.

கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு காது குத்துவதே பாதுகாப்பு. இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் குத்துவதற்கு முன்பே இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபடி குத்துவதாக இருந்தால்

புண் முழுதும் ஆறி, தடவினால் கட்டி தட்டுப்படாத நிலை வந்தபின் குறைந்தது 3 மாதம் விடுங்கள். பழைய தழும்பின் மேல் குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும், உறை பிரிக்காத ஊசியாக இருக்கட்டும். துப்பாக்கி போன்ற கருவியின் பிளாஸ்டிக் உடலை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. மழுங்கிய முனையை அடித்துச் செருகுவதால் மேல்காதுக் குருத்தெலும்பு சிதையவும் வாய்ப்பு உண்டு. அங்கே அது வேண்டவே வேண்டாம். வீங்கினாலும் இடம் கொடுக்கும் நீளமான தண்டு உள்ள நகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரம் தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஹெல்மெட் உள்பஞ்சைத் துவைத்துக் காயவையுங்கள், குளம், கிணறு, நீச்சல் குளம் எதிலும் தலை முழுகாதீர்கள்.